கட்டியை எடுத்த பிறகு எதற்குக் கதிர்?

"கட்டியைத்தான் எடுத்தாச்சே டாக்டர், அப்புறம் எதுக்கு கரன்ட் வைக்கணும்?"

புற்றுநோய் மருத்துவமனைகளில் இந்தக் கேள்வி காதில் விழாத நாள் குறைவு. கேட்பவர் மார்பகத்தில் இரண்டு சென்டிமீட்டர் கட்டியோடு வந்தவர். நோய் ஆரம்ப நிலையில் இருந்ததால் மார்பகம் முழுவதையும் எடுக்கவில்லை. கட்டியையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல சதையையும் மட்டும் எடுத்திருக்கிறார்கள். நுண்ணோக்கிப் பரிசோதனை அறிக்கையும் வந்துவிட்டது. வெட்டிய ஓரங்களில் புற்றணு இல்லை. வீட்டில் எல்லோருக்கும் உயிர் வந்த அந்த நேரத்தில் மருத்துவர் இன்னொரு சீட்டை எழுதுகிறார். மூன்று வாரம், தினமும் வந்து கதிர்வீச்சு எடுத்துக்கொள்ள வேண்டும்.

அவர் கேட்பது நியாயமான கேள்வி. ஓரம் சுத்தம் என்றால் கதிர் எதைத் தேடிப் போகிறது? இந்தக் கேள்விக்கும், இதன் கூடப் பிறந்த 'எவ்வளவு போதும்?' என்ற கேள்விக்கும் பதில் கிடைக்க மருத்துவ உலகத்துக்கு ஏறத்தாழ நூறு ஆண்டு பிடித்தது. இரண்டாவது கேள்விக்கான பதில் இன்னும் மாறிக்கொண்டே இருக்கிறது.

முதல் கேள்விக்கு மிகத் தெளிவான விடை தந்தவர்களில் ஒருவர் நெதர்லாந்தின் நெய்மேகன் நகரத்து நோய்க்குறியியல் நிபுணர் ரோலண்ட் ஹாலண்ட். அறுவையில் முழுதாக அகற்றப்பட்ட மார்பகங்களை அவருடைய குழு மெல்லிய வில்லைகளாக அரிந்தது. ஒவ்வொரு வில்லையையும் எக்ஸ்ரே எடுத்தது. சந்தேகமான இடங்களை எல்லாம் நுண்ணோக்கியில் பார்த்தது. மருத்துவர் கைக்கும் மேமோகிராமுக்கும் ஒரே ஒரு கட்டி மட்டும் தெரிந்த மார்பகங்கள் அவை. 1985ல் வெளியான முடிவு இதுதான்: 282 கட்டிகளில் 37 சதவீதத்தில்தான் கட்டிக்கு வெளியே எதுவும் இல்லை. 20 சதவீதத்தில் கட்டியிலிருந்து இரண்டு சென்டிமீட்டருக்குள் வேறு புற்றுத் துளிகள் இருந்தன. 43 சதவீதத்தில் அந்த இரண்டு சென்டிமீட்டரையும் தாண்டி இருந்தன.

வெட்டிய ஓரம் சுத்தம் என்று சொன்ன அறிக்கையில் தவறு ஏதும் இல்லை. அந்த ஓரத்துக்கு அப்பால் மூன்று சென்டிமீட்டர் தள்ளி என்ன இருக்கிறது என்று அந்த அறிக்கையால் சொல்ல முடியாது, அவ்வளவுதான். அங்கே சில ஆயிரம் அணுக்கள் கொண்ட ஒரு துளி இருந்தால் அது கைக்கும் தட்டுப்படாது, எந்தப் படத்திலும் விழாது. அறுவைக்குப் பிறகு கொடுக்கும் கதிர்வீச்சு, இருக்கிறதா இல்லையா என்று யாராலும் காட்ட முடியாத அந்தத் துளிகளுக்கான சிகிச்சை. இதைப் புரிந்துகொள்வதுதான் நோயாளிக்கும் கடினம், சில காலம் முன்பு வரை மருத்துவருக்கும் கடினமாக இருந்தது.

கண்ணுக்குத் தெரியாததை எப்படிச் சமாளிப்பது என்பதற்கு முதலில் கிடைத்த பதில் கத்தி. அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் வில்லியம் ஹால்ஸ்டெட் 1894ல் தன் அறுவை முறையைப் பற்றிப் புகழ்பெற்ற கட்டுரை ஒன்றை வெளியிட்டார். மார்பகம், அதற்கு அடியில் இருக்கும் மார்புத் தசைகள், அக்குளின் நெறிக்கட்டிகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே துண்டாக எடுத்துவிடுவார். புற்று ஓரிடத்தில் பிறந்து, வட்டம் வட்டமாக வெளியே பரவுகிறது. போதுமான அகலத்துக்கு வெட்டினால் பிடித்துவிடலாம் என்பது அவருடைய கணக்கு. அவரைக் குறை சொல்லிவிட முடியாது. அந்தக் காலத்துப் பெண்கள் வந்தது பெரிய கட்டிகளோடு. அறுத்த இடத்திலேயே நோய் மறுபடி வெடித்து வந்து புண்ணாகிக் கொல்வது சாதாரணமாக இருந்த நிலையில், ஹால்ஸ்டெட்டின் அறுவை அதை வெகுவாகக் குறைத்தது.

ஆனால் அந்த அறுவைக்குப் பிறகு ஒரு பெண்ணின் நெஞ்சு எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தசை போனதால் விலா எலும்புகள் தோலுக்கடியில் வரி வரியாகத் தெரியும். தோளைத் தூக்குவது கஷ்டம். நெறிக்கட்டிகள் போனதால் பலருக்குக் கை நிரந்தரமாக வீங்கிப் போகும். கட்டி பட்டாணி அளவுதான் என்றாலும் அதே அறுவை. எண்பது ஆண்டுகள் இது நீடித்தது. பெரியவர்கள் கற்றுக்கொடுத்ததை மாணவர்கள் செய்தார்கள், அந்த மாணவர்கள் அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்தார்கள். குறைவாக வெட்டினால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்ப்பதே நோயாளிக்குச் செய்யும் துரோகம் என்று நம்பப்பட்டது.

அந்த நம்பிக்கைக்குள் அடங்காத ஒருவர் லண்டனில் இருந்தார். செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஜெஃப்ரி கெயின்ஸ், பொருளாதார அறிஞர் ஜான் மேனார்ட் கெயின்ஸின் தம்பி. 1920களில் அவர் ரேடியம் அடைத்த ஊசிகளை மார்பகத்துக்குள்ளும் அக்குளிலும் செருகி வைத்துப் பார்த்தார். அறுவைக்குத் தகுதியில்லாத முற்றிய நோயாளிகளிடம் தொடங்கியவர், பலன் நன்றாக இருக்கவே ஆரம்ப நிலையில் வந்தவர்களுக்கும் கொடுத்தார். கட்டியை மட்டும் எடுத்துவிட்டு மீதிக்கு ரேடியம். அவருடைய நோயாளிகள் ஹால்ஸ்டெட் முறையில் அறுக்கப்பட்டவர்களுக்குச் சமமாகவே உயிர் வாழ்ந்தார்கள் என்று 1937ல் எழுதினார். அடுத்து போர் வந்தது. குண்டு விழுந்தால் நகரமே கதிரியக்கத்தில் நனைந்துவிடும் என்று லண்டனின் ரேடியத்தை எல்லாம் பாதுகாப்பாக அப்புறப்படுத்தினார்கள். கெயின்ஸ் விமானப்படை மருத்துவப் பணிக்குப் போனார். அந்தப் பாதை அங்கேயே நின்றது. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் வருத்தம் தரும் இடம் இதுதான். சரியான விடை 1937லேயே மேசை மேல் இருந்தது.

இருந்தாலும் அன்று யாரும் அதை விடை என்று ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை என்பதும் உண்மை. கெயின்ஸ் யாரைத் தேர்ந்தெடுத்தார், கட்டி சிறியதாக இருந்தவர்களையா, நோய் மெதுவாக வளர்ந்தவர்களையா என்று ஒரு எதிராளி கேட்டால் பதில் கிடையாது. டொரன்டோவில் வேரா பீட்டர்ஸ் என்ற கதிர்வீச்சு மருத்துவர் 1970களில் தன் நோயாளிகளின் பதிவேடுகளைக் கொண்டு இதையே காட்டியபோதும் இந்தச் சுவரில்தான் மோதினார். சுவரை உடைக்க ஒரே வழி, எந்தப் பெண்ணுக்கு எந்த அறுவை என்பதை மருத்துவர் முடிவு செய்யாமல் குலுக்கலுக்கு விடுவது.

1973ல் மிலான் நகரில் உம்பெர்த்தோ வெரொனேசி அப்படி ஒரு ஆய்வைத் தொடங்கினார். இரண்டு சென்டிமீட்டருக்கு மேற்படாத கட்டி கொண்ட 701 பெண்கள். பாதிப் பேருக்கு ஹால்ஸ்டெட் அறுவை. மறு பாதிக்குக் கட்டி இருந்த கால்பகுதி மார்பகத்தை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு. மூன்று ஆண்டு கழித்து அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கின் பெர்னார்ட் ஃபிஷர் தலைமையில் இன்னொன்று. அது மூன்று அணி: முழு மார்பகம் நீக்கம், கட்டி மட்டும் நீக்கம், கட்டி நீக்கத்தோடு கதிர்வீச்சு. ஃபிஷர் புற்றைப் பார்த்த விதமே வேறு. புற்றணுக்கள் ரத்தத்தில் வெகு சீக்கிரமே கலந்துவிடுகின்றன. ஒரு பெண் பிழைப்பதும் பிழைக்காததும் நெஞ்சில் எவ்வளவு சதையை வெட்டினோம் என்பதில் இல்லை என்று அவர் சொன்னார். மூத்த அறுவை மருத்துவர்கள் பலர் கோபப்பட்டார்கள்.

இங்கே அந்தப் பெண்களை நினைக்காமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. 'உங்களுக்கு மார்பகம் போகுமா இருக்குமா என்பதை நானும் முடிவு செய்ய மாட்டேன், நீங்களும் முடிவு செய்ய முடியாது, குலுக்கல் சொல்லும்' என்று ஒரு மருத்துவர் சொல்கிறார். புற்றுநோய் என்று தெரிந்து சில நாட்களே ஆன ஒருவர் அதற்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போடுகிறார். அதன் பிறகு இருபது ஆண்டு தவறாமல் பரிசோதனைக்கு வருகிறார். இன்று உலகில் எந்த மூலையிலாவது ஒரு பெண் மார்பகத்தோடு வீடு திரும்புகிறார் என்றால், முகம் தெரியாத அவர்களுடைய பங்கு அதில் இருக்கிறது.

இரு ஆய்வுகளின் இருபதாண்டு முடிவுகளும் 2002ல், ஒரே மருத்துவ இதழின் ஒரே வெளியீட்டில் வந்தன. மிலானில் இரண்டு அணியிலும் இறந்தவர்களின் விகிதம் கிட்டத்தட்ட ஒன்றே, நூற்றுக்கு 41 சொச்சம். ஃபிஷரின் ஆய்விலும் மூன்று அணிகளுக்கும் ஆயுளில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் மார்பகத்தைக் காப்பாற்றிய இரு அணிகளுக்கு நடுவே பெரிய பள்ளம் இருந்தது. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுக்காதவர்களில் 39.2 சதவீதம் பேருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பியது. கதிர்வீச்சும் பெற்றவர்களில் 14.3 சதவீதம்.

அந்த 39ஐ ஹாலண்டின் 43க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் வெவ்வேறு அளவுகோல்தான், ஒன்றுக்கொன்று பொருத்திவிட முடியாது. ஆனாலும் நுண்ணோக்கியில் ஒருவர் எண்ணிய துளிகளும் இருபது ஆண்டில் பெண்களின் உடலில் முளைத்த துளிகளும் இவ்வளவு பக்கத்தில் வந்து நிற்பதைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

ஃபிஷரின் ஆய்வுக்கு ஒரு சோதனைக் காலமும் வந்தது. மான்ட்ரியாலில் ஒரு மருத்துவமனை சில நோயாளிகளின் விவரங்களைத் திரித்து அனுப்பியிருந்தது 1994ல் வெளியே தெரிந்து பெரும் புயலானது. ஃபிஷர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். பிறகு அவர் மேல் குற்றமில்லை என்று முடிவானது. அந்த மருத்துவமனையின் நோயாளிகள் அத்தனை பேரையும் கழித்துவிட்டு மறுபடி கணக்குப் போட்டார்கள். முடிவு மாறவில்லை.

கதிர் கொடுத்தால் மார்பகத்தில் நோய் திரும்புவது குறைகிறது, சரி. உயிர் காக்கிறதா? தனித்தனி ஆய்வுகளில் இதற்குத் தெளிவான பதில் இல்லை, ஏனென்றால் எந்த ஒரு ஆய்வும் அதற்குப் போதுமான அளவு பெரியதில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு குழு பதினேழு ஆய்வுகளை, 10,801 பெண்களின் விவரத்தை ஒன்றாகச் சேர்த்து 2011ல் பதில் சொன்னது. பத்து ஆண்டில் நோய் திரும்புவது 35 சதவீதத்திலிருந்து 19.3 ஆகக் குறைகிறது. பதினைந்து ஆண்டில் மார்பகப் புற்றால் இறப்பது 25.2 சதவீதத்திலிருந்து 21.4 ஆகக் குறைகிறது. நான்கு பேருக்கு நோய் திரும்பாமல் தடுத்தால் அவர்களில் ஒருவரின் உயிர் காக்கப்படுகிறது. ஆக, விட்டுப்போன அந்தத் துளிகள் சும்மா மார்பகத்துக்குள்ளேயே அடங்கிக் கிடப்பவை அல்ல. சில துளிகள் அங்கிருந்துதான் உடலுக்குள் கிளம்புகின்றன.

கதிர் உள்ளே என்ன செய்கிறது என்று பார்த்தால் இதைவிட வியப்பு. சிகிச்சை அறையில் இருப்பது லீனியர் ஆக்சிலரேட்டர், சுருக்கமாக லினாக். செப்புக் குழாய் ஒன்றுக்குள் நுண்ணலைகள் எலெக்ட்ரான்களை ஏறத்தாழ ஒளியின் வேகத்துக்குத் தள்ளி டங்ஸ்டன் தகட்டில் மோதவிடுகின்றன. அந்த மோதலில் வெளிவரும் எக்ஸ்ரே, சாதாரண எக்ஸ்ரே படம் எடுக்கும் கதிரைவிடப் பல மடங்கு ஆற்றல் கொண்டது. இப்படிப்பட்ட கருவியால் முதல் நோயாளிக்குச் சிகிச்சை நடந்தது 1953ல், லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில். கதிர் தோலைத் தொடும் இடத்தைவிட ஒன்றரை சென்டிமீட்டர் உள்ளே போன பிறகுதான் உச்ச அளவைத் தருகிறது. ஆகவே தோல் ஓரளவு தப்புகிறது.

கதிரின் அளவைக் கிரே என்ற அலகில் சொல்வார்கள். ஒரு கிலோ திசுவில் ஒரு ஜூல் ஆற்றல் இறங்கினால் ஒரு கிரே. இது எவ்வளவு சிறியது என்று பாருங்கள். உடல் முழுவதும் ஒரே நேரத்தில் நான்கு கிரே வாங்கிய மனிதர்களில், சிகிச்சை இல்லாவிட்டால், ஏறத்தாழ பாதிப் பேர் சில வாரங்களில் இறந்துவிடுவார்கள். எழுபது கிலோ உடம்பில் அப்படி இறங்கிய மொத்த ஆற்றல் 280 ஜூல். சூடான டீயை ஒரு வாய் குடித்தால் உடம்புக்குள் போகும் வெப்பம் அதைவிடக் குறைவில்லை. ஒரு தவணைக் கதிரில் மார்பகத்தின் வெப்பம் ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு கூட ஏறுவதில்லை. நோயாளிக்குச் சூடு தெரியாததும் வலி இல்லாததும் இதனால்தான்.

அப்படியானால் புற்றணு எப்படிச் சாகிறது? ஆற்றலின் மொத்த அளவு முக்கியமில்லை, அது எப்படி இறங்குகிறது என்பதே முக்கியம். வெப்பம் எல்லா மூலக்கூறுகளுக்கும் சமமாகப் பிரிந்து போகிறது. கதிரோ பொட்டுப் பொட்டாக, ஒரே இடத்தில் குவிந்து இறங்குகிறது. எக்ஸ்ரே திசுவில் ஒரு எலெக்ட்ரானைத் தட்டிவிட, அது வேகமாக ஓடும் வழியில் தண்ணீர் மூலக்கூறுகளை உடைக்கிறது. உடைந்த துண்டுகளில் ஹைட்ராக்சில் என்பது பொல்லாதது; அதன் ஆயுள் ஒரு நொடியின் நூறு கோடியில் சில பங்குதான், அதற்குள் பக்கத்தில் இருப்பதைக் கடித்துவிடும். பக்கத்தில் டி.என்.ஏ. இருந்தால் அதன் இழை அறுகிறது. ஒரு கிரே ஒரு அணுவின் டி.என்.ஏ.வில் ஒற்றை இழை அறுதல்களை ஆயிரக்கணக்கில் உண்டாக்கும். அவை பெரிய விஷயமே இல்லை, சாதாரணமாக உயிர் வாழ்வதிலேயே தினமும் அதைவிட அதிகம் அறுந்து பழுதுபார்க்கப்படுகின்றன. ஆபத்து, இரண்டு இழைகளும் ஒரே இடத்தில் அறுவது. அப்படிச் சில பத்து அறுதல்களே நடக்கும். ஆனால் அவற்றைச் சரியாக ஒட்டுவது கடினம்.

நல்ல அணுக்கள் பழுதுபார்ப்பதில் கெட்டிக்காரத்தனம் உள்ளவை. புற்றணுக்களில் பெரும்பாலானவற்றில் இந்த வேலையில் ஏதோ ஒரு ஓட்டை இருக்கும். அவை கதிர் பட்ட உடனே சாவதும் இல்லை. அறுந்ததைத் தப்பாக ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கும். அடுத்து இரண்டாகப் பிரிய முயலும்போதுதான், குரோமோசோம்கள் சிக்கிக்கொண்டு செத்துப்போகும். பெருகும் குணமே அவற்றின் சாவுக்கும் வழி ஆகிறது. சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் பல நாட்கள் இந்தச் சாவு நடந்துகொண்டிருக்கும்.

கதிரை ஒரே நாளில் கொடுத்து முடிக்காமல் தவணை தவணையாகக் கொடுப்பது ஏன் என்பதற்கு விடை பாரிசில், ஆட்டுக்கடாக்களிடம் கிடைத்தது. க்ளாட் ரெகோ என்ற ஆய்வாளர், விந்தணுக்கள் ஓயாமல் பெருகும் கடாவின் விரையைப் புற்றுக்கட்டிக்குப் பதிலாக எடுத்துக்கொண்டார். ஒரே தடவையில் கதிர் கொடுத்து விந்தணு உற்பத்தியை நிறுத்தப் பார்த்தால் மேல்தோல் வெந்து கெட்டுப்போனது. அதே கதிரைப் பல நாட்களுக்குப் பிரித்துக் கொடுத்தபோது உற்பத்தி நின்றது, தோல் பிழைத்துக்கொண்டது. ஒவ்வொரு தவணைக்கும் இடையே கிடைக்கும் இடைவெளியில் நல்ல திசு தன்னைத் தேற்றிக்கொள்கிறது.

இந்த அறிவிலிருந்து வந்ததுதான் நாளுக்கு 2 கிரே, வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்து வாரம், மொத்தம் 50 கிரே என்ற வழக்கம். பல பத்தாண்டுகள் இதை யாரும் தொடவில்லை. ஹால்ஸ்டெட்டின் கத்தியைப் போலவே இதுவும் மரபாகிவிட்டது. பிரிட்டனில் ஜான் யார்னால்டும் கனடாவில் திமோத்தி வேலனும் வேறு ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார்கள். தவணையைப் பெரிதாக்கினால் நல்ல திசுவுக்குத்தான் அதிகப் பாதிப்பு, புற்றுக்கு அவ்வளவில்லை என்ற பழைய கணக்கு தலை, கழுத்துப் புற்றுகளுக்குப் பொருந்தும். மார்பகப் புற்று அப்படி இல்லை என்றால்? மார்பகப் புற்றணுவும் பெரிய தவணைக்கு நல்ல திசுவைப் போலவே வசப்படும் என்றால், தவணைகளைக் குறைத்து, ஒவ்வொன்றையும் சற்றுப் பெரிதாக்கி, மொத்த அளவையும் குறைத்துவிடலாமே?

கனடாவில் 16 தவணை, 42.5 கிரே. பத்து ஆண்டில் மார்பகத்தில் நோய் திரும்பியது 6.2 சதவீதம், ஐந்து வாரம் வாங்கியவர்களில் 6.7. பிரிட்டனில் 15 தவணை, 40 கிரே. அங்கேயும் நோய்க் கட்டுப்பாடு குறையவில்லை, தோலும் திசுவும் ஐந்து வாரத்தைவிடச் சற்று நன்றாகவே இருந்தன. இன்று மூன்று வாரம் என்று மருத்துவர் எழுதும் சீட்டு இங்கிருந்து வந்தது.

யார்னால்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் அதோடு நிற்கவில்லை. ஃபாஸ்ட்-ஃபார்வர்ட் என்று ஒரு ஆய்வு, 4,096 பேர், ஒரே வாரத்தில் ஐந்து தவணை. ஒரு அணிக்கு மொத்தம் 27 கிரே, இன்னொன்றுக்கு 26, மூன்றாவதற்கு வழக்கமான 15 தவணை. முடிவு 2020ல் வந்தது. ஐந்து ஆண்டில் நோய் திரும்பியவர்கள் நூற்றுக்கு 1.7, 1.4, 2.1. மூன்றுமே கட்டுக்குள்தான். ஆனால் மார்பகம் சுருங்குவது, கெட்டியாவது போன்ற பின்விளைவுகள் 27 கிரே வாங்கியவர்களிடம் கூடுதலாக இருந்தன. 26 வாங்கியவர்களிடம் 15 தவணைக்காரர்களைப் போலவே இருந்தன. ஐந்து தவணையில் பரவிய ஒரே ஒரு கிரே வித்தியாசம், ஆண்டுகள் கழித்துப் பெண்களின் உடலில் தெரிகிறது. இந்தச் சிகிச்சையில் அளவு என்பது எவ்வளவு நுட்பமானது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. கொரோனா தொற்று பரவிய மாதங்களில் முடிவு வந்ததால், மருத்துவமனை வருகையைக் குறைக்க நினைத்த பிரிட்டன் உடனே ஐந்து தவணைக்கு மாறியது.

பின்விளைவுகளைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவதே நல்லது. முதல் சில வாரங்களில் தோல் சிவக்கும், கறுக்கும், சிலருக்கு உரியும். களைப்பு இருக்கும். இவை பெரும்பாலும் ஆறிவிடும். மார்பகம் சற்றுச் சுருங்கிக் கெட்டியாவது நிரந்தரமாக இருக்கலாம். மிக அரிதாக, பல ஆண்டு கழித்து அந்தப் பகுதியில் வேறொரு புற்று வரலாம். வெளியிலிருந்து கொடுக்கும் இந்தக் கதிர் உடம்பில் தங்குவதில்லை. சிகிச்சை முடிந்த அடுத்த நிமிடமே குழந்தையைத் தூக்கிக் கொஞ்சலாம்.

கவலைப்பட வேண்டியது இதயம், அதுவும் இடது மார்பகமானால். ஸ்வீடன், டென்மார்க் பெண்களை ஆராய்ந்து சாரா டார்பி 2013ல் வெளியிட்ட கணக்குப்படி, இதயத்துக்குச் சராசரியாகப் போகும் ஒவ்வொரு கிரேக்கும் மாரடைப்பு போன்ற பெரிய இதயப் பாதிப்புகள் 7.4 சதவீதம் கூடுகின்றன. இவ்வளவுக்குக் கீழே போனால் ஆபத்தே இல்லை என்று சொல்லும்படி எந்த எல்லையும் தென்படவில்லை. ஆய்வில் இருந்தவர்கள் பழைய கருவிகளால் சிகிச்சை பெற்றவர்கள், இன்றைய அளவுகள் பெரும்பாலும் குறைவு. கதிர்களை நெஞ்சின் வளைவை உரசிப் போகும்படி பக்கவாட்டில் சாய்த்து அனுப்புகிறார்கள். அதோடு மிக எளிய வழி ஒன்று கண்டுபிடித்திருக்கிறார்கள்: நோயாளியை ஆழமாக மூச்சிழுத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்வது. நுரையீரல் விரியும்போது உதரவிதானம் கீழே இறங்கி, இதயத்தையும் நெஞ்சுச் சுவரிலிருந்து விலக்கிக் கீழே இழுத்துக்கொண்டு போகிறது. இருபது நொடி போல மூச்சைப் பிடித்திருக்கும் அந்த நேரத்தில் மட்டும் கதிர் பாய்கிறது. பலருக்கு இதயத்துக்குப் போகும் அளவு ஏறத்தாழ பாதியாகிவிடுகிறது. கோடிக்கணக்கில் விலை உள்ள கருவியின் பக்கத்தில், நோயாளியின் மூச்சே ஒரு கருவியாகிறது. சிகிச்சைக்குப் போகும் முன்பு இந்த வசதி இருக்கிறதா என்று கேட்பதில் எந்தத் தப்பும் இல்லை, கேட்க வேண்டும்.

இனி, கதிரே வேண்டாம் என்று யாருக்குச் சொல்லலாம்? ஃபிஷரின் ஆய்வில் கதிர் இல்லாமலும் நூற்றுக்கு அறுபது பேருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பவில்லை. அவர்களைத் தனியாகப் பிரித்துக் காட்ட அன்று வழியில்லை. இன்று கொஞ்சம் முடிகிறது. எடின்பரோவின் இயான் குங்க்லர் நடத்திய ஆய்வில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 1,326 பெண்கள். சிறிய கட்டி, நெறிக்கட்டியில் நோய் இல்லை, ஹார்மோன் மாத்திரைக்குக் கட்டுப்படும் வகை. பத்து ஆண்டில் மார்பகத்தில் நோய் திரும்பியது கதிர் வாங்காதவர்களில் 9.5 சதவீதம், வாங்கியவர்களில் 0.9. உயிரோடு இருந்தவர்கள் இரு பக்கமும் ஏறத்தாழ 81 சதவீதம். எழுபத்திரண்டு வயதுப் பாட்டி ஒருவர் இந்த எண்களைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொன்னால் அது அறிவுள்ள முடிவு. இன்னொரு பாட்டி, எனக்கு மறுபடி ஒரு அறுவை வேண்டாம், ஐந்து நாள் வந்துவிட்டுப் போகிறேன் என்றால் அதுவும் அறிவுள்ள முடிவுதான். ஆனால் கதிர் வேண்டாம் என்றவர் மாத்திரையை ஐந்து ஆண்டு ஒழுங்காகச் சாப்பிட வேண்டும். நடைமுறையில் பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்.

இந்த முடிவுகளை நம் ஊருக்கு அப்படியே கொண்டுவருவதில் எச்சரிக்கை தேவை. இந்தியாவில் மார்பகப் புற்று வரும் வயது மேலை நாடுகளைவிட ஏறத்தாழ பத்து ஆண்டு முன்னதாக இருக்கிறது. நாற்பதுகளில் இருக்கும் ஒரு பெண்ணுக்குக் கதிரைத் தவிர்க்கலாம் என்று காட்டிய ஆய்வு எதுவும் இல்லை. வயது குறையக் குறைய நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது. கட்டி இருந்த இடத்துக்குக் கூடுதலாகச் சில தவணை கொடுப்பதன் பலன் இளம்பெண்களுக்கே அதிகம் என்பது ஐரோப்பாவில் ஐயாயிரம் பேருக்கு மேல் நடந்த ஆய்வில் தெரிந்தது.

நமக்கு நேரடியாக உதவக்கூடியது தவணைக் குறைப்புதான். சென்னை அடையாறில் முத்துலட்சுமி ரெட்டி 1954ல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனைக்கு 1950களிலேயே கோபால்ட் கதிர்வீச்சுக் கருவி வந்துவிட்டது. ஆனாலும் மொத்தத் தேவையோடு ஒப்பிட்டால் நாட்டில் கருவிகளின் எண்ணிக்கை இன்றும் குறைவு, அவை இருப்பதும் பெரிய ஊர்களில். கிராமத்திலிருந்து வரும் பெண் ஐந்து வாரம் வேலையை விட்டு, பிள்ளைகளை யாரிடமாவது விட்டு, மருத்துவமனைப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்க வேண்டும். அதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "மொத்தமா எடுத்துடுங்க டாக்டர், என்னால அவ்வளவு நாள் வந்து போக முடியாது" என்று சொல்லும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கட்டி சிறியதுதான். மார்பகத்தைக் காப்பாற்றியிருக்கலாம். எடுக்க வைத்தது நோய் இல்லை, பஸ் கட்டணமும் அறை வாடகையும்.

ஐந்து வார முறையில் ஒருவருக்கு ஆகும் கருவி நேரத்தில், ஐந்து தவணை முறையில் ஐந்து பேரைப் பார்க்கலாம். பிரிட்டனில் கிடைத்த முடிவு, நோய் சற்று முற்றி, நெறிக்கட்டிகளுக்கும் கதிர் தேவைப்படும் நம் பெண்களுக்கும் பொருந்துமா என்பதை நம் நாட்டிலேயே சோதிக்க வேண்டும். பிரிட்டனின் முடிவு வெளிவரும் முன்பே, 2019ல், கொல்கத்தாவின் டாடா மெடிக்கல் சென்டர் அதற்கான குலுக்கல் ஆய்வைத் தொடங்கியது, 26 கிரேயை ஒரு வாரத்தில் கொடுத்து மூன்று வார முறையோடு ஒப்பிட்டுப் பார்க்க. மிலானிலும் பிட்ஸ்பர்க்கிலும் கையெழுத்துப் போட்ட பெண்களின் வரிசையில் இப்போது வங்காளத்துப் பெண்களும் சேர்ந்திருக்கிறார்கள்.